கைக்குச் சூடாக இருந்தது

அவர் இருக்கும் அறையில் எதுவும் திறந்து கிடக்காது. ரசாயனப் புட்டி, பேனா, பிஸ்கட் பாக்கெட், அடுத்தவர் சாப்பாட்டு டப்பா என்று கண்ணில் பட்டதையெல்லாம் போகிற போக்கில் மூடிக்கொண்டே போவார். நான் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு போனை எடுக்கத் திரும்புவேன். அதற்குள் என் டப்பா மூடியிருக்கும்.

"இன்னும் சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன் அக்கா."

"சாப்பிடுங்க சார், யாரு வேணாம்னாங்க? காத்துக்கு எதுக்குப் பங்கு குடுக்கறீங்க?"

பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. அதன் உயிர்வேதியியல் ஆய்வகம். அவர் அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்த்த டெக்னீஷியன். ஒவ்வொரு மார்ச்சிலும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். நான் ஆய்வு உதவியாளர். என்னைவிட அவர் ஐந்து வயது மூத்தவர், ஸ்ரீராம்புரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நான் ஆரணியிலிருந்து வேலைக்காக வந்தவன். கன்னடம் பேசுகிறவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவர் எங்கள் எல்லாரையும் சார் என்றும் மேடம் என்றும் கூப்பிட்டார், லிஃப்ட் இயக்குகிறவரைக்கூட.

ஒருமுறை என் மனைவி தீபாவளிக்குச் செய்த தட்டையில் மிச்சமிருந்ததை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டார்கள். அவர் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்விட்டு திரும்ப வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். சிக்கு வாடை அடிக்குது."

நான் மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வீட்டுப் பலகாரத்தைக் குறை சொல்லிவிட்டாரே என்று முகம் சுருங்கியிருக்க வேண்டும். மறுநாள் டப்பாவைத் திறந்தபோது பழைய எண்ணெய் நெடி எனக்கே அடித்தது. சொன்னேன். அவர் சிரித்தார். "என் மூக்கு ஒரு நாள் முன்னாடியே போயி நிக்கும் சார். இன்னா பண்றது, அதுக்குத்தானே சம்பளம்."

உண்மையில் அதற்குத்தான் சம்பளம். எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்குப் பிடிப்பதைப் போன்ற ஒன்று மனித உடம்புக்குள்ளும் நடக்கிறது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு இருக்கிறது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் சில அடங்காத மூலக்கூறுகள் அந்தக் கொழுப்பைத் தாக்குகின்றன. கெட்டுப்போன ஒரு துணுக்கு பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும், அது அடுத்ததை. இதைத் தடுத்து நிறுத்த உடம்பில் காவல் உண்டு. தாக்குதல் மிஞ்சி, காவலால் சமாளிக்க முடியாமல் போகும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். சர்க்கரை நோய், இதயக் குழாய் அடைப்பு, சிறுநீரகப் பழுது என்று பலவற்றில் அதற்குப் பங்கிருக்கிறது. எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களிடம் அதை அளந்து பார்ப்பது எங்கள் வேலை.

நான் இங்கே ஒரு பத்தியில் எழுதியதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்வார். டயாலிசிஸ் பிரிவில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் இருந்தார், வாரம் இரண்டு முறை வருவார். இயந்திரத்தோடு பிணைத்த கையை நீட்டியபடி ஒருநாள் அக்காவைச் சீண்டினார்.

"மாசா மாசம் எடுத்துக்கினு போறியே அக்கா, என் ரத்தத்துல ஊறுகா போடறியா?"

"ஊறுகாதான். எண்ணெ சிக்குப் போச்சா இல்லையான்னு பாக்கறோம்."

"போயிருந்தா?"

"போயிருந்தா உன்னை மாத்த முடியாது. டாக்டருங்க மருந்தை மாத்தலாமான்னு யோசிப்பாங்க. கையை ஆட்டாத."

அளக்கும் முறை எளிது. ரத்தத்தைச் சுற்றவிட்டு மேலே தெளியும் மஞ்சள் நீரைப் பிரித்து, அமிலமும் ஒரு மருந்தும் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிநீரில் வைக்க வேண்டும். கொழுப்பு எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு ரோஸ் நிறம் ஏறும். அந்த நிறம் எழும்பி வருவதைப் பார்க்க அவருக்கு அலுத்ததே இல்லை. கொதிநீர்த் தொட்டியைச் சும்மா சும்மா எட்டிப் பார்ப்பார்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. உடம்பைவிட்டு வெளியே வந்த ரத்தமும் தொடர்ந்து கெட்டுக்கொண்டே இருக்கும். உடனே ஐஸில் வைத்து, சீக்கிரம் பிரித்து, தடுப்பு மருந்து சேர்க்காவிட்டால் குழாய்க்குள்ளேயே ரோஸ் ஏறத் தொடங்கிவிடும். "அப்புறமா வர்ற ரோஸ் பேஷண்டோடது இல்ல சார், நம்மளோடது" என்பார். அதனால்தான் அந்த ஓட்டம். டயாலிசிஸ் பிரிவு எதிர்க் கட்டடத்தில் இருந்தது. ஐஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு "ஜாக பிடி, ஜாக பிடி" என்று கன்னடத்தில் வழி கேட்டபடி அவர் ஓடி வருவது மூன்று மாடிக்கும் கேட்கும். ஒருமுறை லிஃப்டில் கல்லூரி முதல்வரையே வெளியே இறக்கிவிட்டு ஏறிக்கொண்டார். முதல்வர் படியேறி வந்து, "யாருப்பா அந்த அம்மா?" என்று விசாரித்தார். "ரத்தம் அவரை விட அவசரம் சார்" என்று அக்கா என்னிடம் மட்டும் சொன்னார்.

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த குழாயை ஒரு கணம் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். உறையணிந்த கைக்குச் சூடு குளிர் சரியாகத் தெரியாதாம். வழிமுறைக் கையேட்டில் அப்படி எதுவும் இல்லை. பாதுகாப்பு விதிப்படி அது தவறும்கூட. நான் பலமுறை எடுத்துச் சொன்னேன். "மூடியிருக்குல்ல சார்" என்பார்.

அவருடைய கையெழுத்து மோசம். ஈரக் கையோடு எழுதி, அமிலத்துளி பட்டு, அவர் நோட்டில் சில பக்கங்கள் ஓட்டையாகவே இருக்கும். நேரத்தை "சாப்பாட்டுக்கு முன்னாடி" என்று எழுதியிருப்பார். என் நோட்டு அப்படியல்ல. சிவப்பு மையில் கட்டம், நீல மையில் எழுத்து. எண், எடுத்த நேரம், ஐஸில் வைத்த நேரம், எல்லாம் நிமிடக் கணக்கில். ஈரம் படாமல் இருக்க, உலர்ந்த கையோடு முதலில் எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் பிறகுதான் ஐஸ் பெட்டியைத் தொடுவேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவதற்கு என் நோட்டைத்தான் எடுத்துப் போவார்கள். அதில் அதுவரை ஓர் அடித்தல்கூட இருந்ததில்லை.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: வெயில், மதியம் எலுமிச்சை சாதம், நெறிமுறைக் குழுவினர் வருகை. ஒன்பது வருடமாக அந்தப் பக்கத்தில் இல்லாததை இப்போது எழுதுகிறேன்.

அன்று காலை அக்கா தன் கணவரைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மதியம் வந்துவிடுவதாகச் சொன்னார். "ஐஸ் மட்டும் மறந்துடாதீங்க சார். மத்ததை நான் வந்து பாத்துக்கறேன்." பதினான்கு பேரிடம் ரத்தம் எடுத்து நானே கொண்டுவந்தேன். எதிர்க் கட்டடம்தானே என்று குழாய் ஸ்டாண்டைக் கையிலேயே ஏந்திக்கொண்டு, ஐஸ் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். பத்து நாற்பதுக்கு ஆய்வகம் வந்தேன். ஸ்டாண்டை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். கட்டம் போட்டு, பதினான்கு வரிகளையும் எழுதி, ஐஸில் வைத்த நேரம் பத்து நாற்பத்தைந்து என்று முடித்தேன். அப்போது துறைத்தலைவர் மேடத்தின் அழைப்பு வந்தது. நோயாளிகளின் ஒப்புதல் படிவங்களைச் சரிபார்க்கிற நெறிமுறைக் குழுவினர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்களாம், கோப்புகளோடு உடனே வரச் சொன்னார். போனேன்.

திரும்பி வந்தபோது மணி ஒன்று இருபது. ஐஸ் பெட்டி மூடியபடி இருந்தது. குழாய்கள் வெளியே நின்றிருந்தன.

அவற்றைக் கொட்டிவிட்டு அந்தப் பதினான்கு பேரிடமும் மறுபடி கேட்டிருக்கலாம். அவர்கள் மறுத்திருக்க மாட்டார்கள். நோட்டில் பதினான்கு வரிகளையும் அடித்துக் காரணம் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது பேனா மூடியைக்கூடக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. வேறு பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் இன்று கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். குழாய்களை அவசரமாக ஐஸுக்குள் செருகினேன்.

ஐந்து நிமிடத்தில் அவர் வந்தார். உறை மாட்டிக்கொண்டு முதல் குழாயை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். அடுத்ததை வைத்தார். ஓர் உறையைக் கழற்றி வெறும் விரலாலும் தொட்டுப் பார்த்தார்.

"சார், இது எப்போ உள்ள போச்சு?"

"பத்தே முக்காலுக்கு. நோட்டுல இருக்கு பாருங்க."

அவர் நோட்டைப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். "கைக்குச் சூடா இருக்குதே."

"ஐஸ் கரைஞ்சிருச்சு அக்கா. இப்பதான் புதுசு போட்டேன்."

"எல்லாத்தையும் கொட்டிட்டு, அடுத்த தபா வரும்போது எடுத்துக்கலாம் சார். ஒரு வார்த்தை சொன்னா குடுப்பாங்க."

"எழுதியாச்சு அக்கா."

"நீங்க எழுதினது ரத்தத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டார். சிரிப்பாரோ என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. பிறகு குழாய்களைச் சுற்றவிடக் கொண்டுபோனார். அன்று கொதிநீர்த் தொட்டியிலிருந்து வந்த நிறத்தை நான் மறக்க முடியாது. ரோஜாப்பூ நிறம். அவர் எட்டிப் பார்க்கவே இல்லை.

மேடம் மகிழ்ந்துபோனார். முந்தைய வாரம் ஆரோக்கியமானவர்களிடம் எடுத்த ரத்தத்தை அக்காவே ஓடிவந்து ஐஸில் வைத்திருந்தார். அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டோம்.

அடுத்த மாதம் நான் ஒரு வாரம் விடுப்பில் இருந்தேன். அதே பதினான்கு பேரிடம் அக்கா மறுபடி ரத்தம் எடுத்து, எல்லாவற்றையும் தானே செய்தார். ஆரோக்கியமானவர்களைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் வந்தது. முதல் தடவை வந்ததன் பக்கத்தில்கூட அது வரவில்லை. இரண்டில் ஒன்று தவறு.

மேடம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு நோட்டுகளும் இருந்தன. ஒன்றில் நிமிடக் கணக்கு. மற்றதில் அமிலம் தின்ற ஓட்டை.

"கொதிக்க வெக்கறதுல நேரத்தைக் கொறைச்சுட்டீங்களா?" என்று அக்காவிடம் கேட்டார். மேடத்துக்குத் தமிழ் தெரியும், பழகிய தமிழ்.

"இல்ல மேடம். ஒரு மணி நேரம் முழுசா வச்சேன். ரெண்டாவதுதான் சரி. மொதல்ல வந்தது கைக்குச் சூடா இருந்துச்சு. நான் வரும்போது ஐஸ்லதான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா சூடா இருந்துச்சு."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தான் பார்க்காததை அவர் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டியவன் பக்கத்திலேயே நிற்கிறானே என்று நினைத்திருப்பார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். இப்போது கன்னடத்தில், சரியான நேரத்தில் ஐஸில் வைத்தீர்கள் அல்லவா என்று கேட்டார்.

"ஹௌது மேடம்" என்றேன். ஆமாம் என்று.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். அவர் எனக்காகத்தான் காத்திருந்தார் என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது தொகுதி டெக்னீஷியனின் பிழை என்று ஒதுக்கப்பட்டது. அந்த மார்ச்சில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடைசி நாள் தன் பொருட்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார். கைகழுவும் தொட்டியருகே வைத்திருந்த சொந்தத் துண்டு, ஒரு சீப்பு, பிள்ளையார் படம். "வரேன் சார்" என்றார். நான் வாசல்வரை கூடப் போகவில்லை. கட்டுரை வெளிவந்தது. என் பெயர் இரண்டாவதாக இருந்தது.

நான் இப்போது வேறொரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருக்கிறேன். மற்ற ஆய்வகங்களின் பதிவேடுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. நன்றாகச் செய்கிறேன் என்று சொல்கிறார்கள்.

இந்த வருடம் வேறோர் ஊர்க் கல்லூரியிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி எனக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். எங்கள் கட்டுரையில் உள்ளபடியே பல மாதமாகச் செய்துபார்க்கிறாளாம், எங்களுக்கு வந்த அளவு வரவே மாட்டேன் என்கிறதாம். வழிகாட்டி கோபப்படுகிறாராம். "என் கைதான் சரியில்லை என்று நினைக்கிறேன். நான் எங்கே தவறுகிறேன் என்று சொல்ல முடியுமா, சார்?" என்று கேட்டிருந்தாள். நான்கு நாள் பதில் எழுதவில்லை. ஐந்தாம் நாள் ஸ்ரீராம்புரம் போனேன்.

அக்கா அங்கே ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தார். காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற வேலை. முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இளைச்சிட்டீங்க சார். சுகர் பாத்தீங்களா?"

நான் உட்காரவில்லை. நின்றபடியே, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். குழாய்கள் வெளியே இருந்ததை, ஐஸ் கரைந்ததாகச் சொன்ன பொய்யை, மேடத்திடம் சொன்ன பொய்யை.

"தெரியும் சார்" என்றார். "ஐஸ் கரைஞ்சா பெட்டியில தண்ணி நிக்காதா? கொட்டியிருந்தா தொட்டி ஈரமா இருக்காதா? எங்கயும் சொட்டுத் தண்ணி இல்ல."

"ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவர் கோபப்படவில்லை. மன்னித்துவிட்டேன் என்பார் என்று நினைத்தேன். நான் வந்தது அதற்காகத்தான் என்று இப்போது தெரிகிறது. அவர் வேறொன்றைக் கேட்டார்.

"அந்த மொத தபா வந்ததை அப்புறம் தூக்கிட்டீங்கதானே? நான் போன பின்னாடி மறுபடி எடுத்து செஞ்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அப்படியே வெளிவந்துவிட்டது என்றேன். மாணவியின் மின்னஞ்சலைப் பற்றியும் சொன்னேன்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது. தன் வேலை போகக் காரணமான பொய்யைக் கேட்டபோதும் மாறாத முகம். "சார், டயாலிசிஸ்காரங்களுக்கு உடம்புல ரத்தமே கிடையாது. இருக்கற கொஞ்சத்துலேந்து குடுத்தாங்க. அந்த ஆட்டோக்காரர் போய்ச் சேந்துட்டாரு, தெரியுமா? அவரு ரத்தம் சிக்குப் போச்சுன்னு ஊருக்கெல்லாம் எழுதி வச்சிருக்கீங்க. போகல சார். வெளிய வச்சதால போச்சு." சற்று மூச்சு வாங்கினார். "அந்தப் பொண்ணு வேற தன் கையைச் சந்தேகப்பட்டுக்கினு ஒக்காந்திருக்குது. பத்திரிகைக்கு எழுதுங்க. அவளுக்கும் எழுதுங்க."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் போன் செய்தார். "அனுப்பிட்டீங்களா சார்?" வருகிற வாரம் என்றேன். அடுத்த ஞாயிறும் கேட்டார். மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றேன். அதற்கடுத்த ஞாயிறு, வேலை அதிகம் என்றேன். நான்காவது ஞாயிறு அழைப்பு வரவில்லை. மாலைவரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். இனி கேட்டுப் பயனில்லை என்று முடிவு செய்துவிட்டார் போலிருந்தது. மேடத்தின் அறையில் அவர் மேசை ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதைவிட இது அதிகம் வலித்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து எழுதினேன். மறுநாள் காலை நானே அவரைக் கூப்பிட்டேன்.

"அக்கா, எழுதிட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டறேன்."

"சொல்லுங்க."

ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். நோயாளிகளின் பதினான்கு மாதிரிகளும் சுமார் இரண்டரை மணி நேரம் ஐஸில் வைக்கப்படவில்லை என்று இப்போது தெரியவந்திருக்கிறது. ஆகவே அந்த அளவுகளை ஏற்க முடியாது. இரண்டாவது தொகுதியின் அளவுகளே சரியானவை.

யாருடைய வீட்டிலோ இருந்தார் போல, பின்னால் குழந்தை அழுதது.

"இப்போ தெரியவந்துச்சுன்னா, யாருக்கு சார்?"

"எனக்கு."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமே."

நான் அந்த முதல் வரியை மறுபடி படித்தேன்.

"யாரு வெளிய வச்சாங்கன்னு அதுல இல்லையே. படிக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? டெக்னீஷியன் ஒருத்தி இருந்திருப்பா, அவதான்னு நெனைப்பாங்க. பாக்காதவங்க அப்படித்தானே நெனைப்பாங்க."

"இருங்க அக்கா. வச்சிடாதீங்க."

போனை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினேன். முதல் வரியை அழித்தேன். நான் வெளியே வைத்தேன் என்று எழுதினேன். அன்றே எனக்குத் தெரியும் என்று எழுதினேன். கேட்டபோது பொய் சொன்னேன் என்றும், டெக்னீஷியன் அன்றே சரியாகச் சொன்னார் என்றும் எழுதினேன். எழுத எழுத அவருக்குச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். பத்திரிகைக்கும் மேடத்துக்கும் அந்த மாணவிக்கும் ஒன்றாக அனுப்பினேன்.

"போயிடுச்சு அக்கா."

"சரி சார். இங்க வெறும் வயித்தோட ஒருத்தர் கையை நீட்டிக்கினு ஒக்காந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அந்த உண்மையை எழுதியதைக்கூட நான் தனியாகச் செய்யவில்லை.